சீனப் பெருஞ்சுவரில் யோகமலர் மச்சாள்

யோகமலர் மச்சாள் கனடாவிலிருந்து சிட்னிக்கு வந்து இறங்கிய அன்றைக்கே நேராகக் குசினிக்குள் போய், நாகேஸ்வரியின் மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். பார்த்துவிட்டு மூடியைத் திருகி வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் விடுவதிலும் ஒரு வகை இருக்கிறது அல்லவா, அந்த வகை.

மறுநாள் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னார். "நாகேஸ், தூள் வறுக்கேக்க பெருஞ்சீரகத்தைக் கருக விட்டிட்டாய் என்ன? எங்கட ரொறன்ரோவில மில்லில குடுத்தா அவங்களே வறுத்துத் தருவாங்கள். ஒரு மணம் மாறாது."

"ஓம் மச்சாள். நீங்கள் போகேக்க இந்தக் கருகினதில ரெண்டு கிலோ கட்டித் தாறன். எங்கட ஞாபகமா வைச்சிருங்கோ."

நாகேஸ்வரியின் மனுசன் அருந்தவன் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். அவர் எந்தப் பக்கமும் சேர மாட்டார். மனுசியின் பக்கம் நின்றால் அக்காவுக்குக் கோபம் வரும், அக்காவின் பக்கம் நின்றால் அன்றைக்குச் சோறு வராது. யோகமலர் அவருக்கு வெறும் அக்கா இல்லை. தாய் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டதால் தம்பி அருந்தவனையும் கடைக்குட்டி கிளியையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். கிளி இப்போது லண்டனில். பேரப்பிள்ளை கண்ட பிறகும் எல்லாருக்கும் அவள் கிளிதான்.

இதெல்லாம் நாகேஸ்வரிக்குத் தெரியும். மிளகாய்த்தூளுக்கெல்லாம் அவள் நெஞ்சைக் காயவிடுகிற ஆளும் இல்லை. அவளுடைய நெஞ்சுக்குள் கிடந்தது வேறு. அது இருபது வருசத்துக்குக் கிட்டின சங்கதி.

மயூராவின் கலியாணம். மயூரா, யோகமலரின் ஒரே மகள். ரொறன்ரோவில் பெரிய மண்டபம், ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தாய்மாமனாக அருந்தவனும் மாமியாக நாகேஸ்வரியும் சிட்னியிலிருந்து போயிருந்தார்கள். மணவறைக்கு முன்னால் ஆலாத்தி எடுப்பதற்கு நாகேஸ்வரியைத்தான் விட்டார்கள். தலை நிறைய மல்லிகைப்பூ. பின்னால் நின்ற கிளி ஏதோ பகிடி விட, சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த கர்ப்பூரமே ஆடியது.

கலியாணம் முடிந்தது. நாலாஞ்சடங்கும் முடிந்தது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் புறப்பட்டுப் போன பிறகு யோகமலர் அவளைக் குசினிக்குள் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"நாகேஸ், மனசைத் திடமா வைச்சிரு. உன்ர அம்மா மோசம் போட்டா. கலியாணத்துக்கு முதல் நாளே செய்தி வந்திட்டுது. பாதை பூட்டிக் கிடக்கு, தெரிஞ்சிருந்தாலும் நீ போயிருக்க ஏலாது. வயசு போன மனுசிதானே. காதில விழாத வரைக்கும் துடக்கில்லை. அதாலதான் உன்ர காதில விழுத்தேல்லை."

துடக்கு என்றால் தெரியும்தானே. சாவு வீட்டுத் தீட்டு. செய்தி கேட்டவர் கேட்ட நேரத்திலிருந்து நல்ல காரியத்தில் கை வைக்க முடியாது, கோயில் படி மிதிக்க முடியாது. ஆனால் கேட்காதவருக்கு ஒன்றும் இல்லை. அப்படி ஒரு வழி வைத்திருக்கிறார்கள் எங்கள் பெரியவர்கள், யாருக்கு வசதியாக வைத்தார்களோ.

போயிருக்க ஏலாதுதான். ஆனால் அழுதிருப்பாள். அதைத்தான் யோகமலர் அவளிடமிருந்து எடுத்துவிட்டார். பிறகு கலியாண வீடியோ சிட்னிக்கு வந்தது. ஒரே ஒரு தரம் போட்டுப் பார்த்தாள். ஆலாத்தித் தட்டை ஏந்திக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரிய அவள் சிரிக்கிறாள். பக்கத்தில் அருந்தவன் வேறெங்கும் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் அம்மாவின் நெருப்புத் தணிந்து சாம்பலும் ஆறியிருக்கும்.

சொந்தக்காரர் என்ன சொன்னார்கள் தெரியுமா? "யோகமலர் கெட்டிக்காரி, கலியாணம் குழம்பாமல் சமாளிச்சுப்போட்டாள்." இப்படித்தான் சொன்னார்கள். நாகேஸ்வரி மனுசனிடம் தவிர ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அவளுடைய கஞ்சி ஆறவே இல்லை, இத்தனை வருசமும் அடியில் நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது.

இப்படிப்பட்டவளைத்தான் அருந்தவன் மச்சாளோடு சீனாவுக்கு அனுப்பினார்.

"அக்கா இவ்வளவு தூரம் வந்திருக்கிறா. ஒபேரா ஹவுஸ் பாத்தாச்சு, ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கும் கொண்டுபோய்க் காட்டியாச்சு. என்ர சிநேகிதன் சேகர் ஆக்கள் போன சீனா ரூர் நல்லதாம். ரெண்டு பேருக்கும் புக் பண்ணிப்போட்டன்."

"ரெண்டு பேருக்கோ? அப்ப நீங்கள்?"

"எனக்கு லீவில்லை. மச்சாள்மார் ரெண்டு பேரும் தனியப் போய் வாங்கோ. கொஞ்சம் ஒட்டுப்படுவீங்கள்."

"என்ன, தபால் முத்திரையே ஒட்டுறதுக்கு?" என்றாள் நாகேஸ்வரி. ஆனால் டிக்கெட் வந்துவிட்டது.

சீனாவில் இறங்கியதிலிருந்து யோகமலர் மச்சாளுக்குக் குறைக்குப் பஞ்சமில்லை. எங்கே போனாலும் குடிக்கச் சுடுதண்ணி கொடுக்கிறார்கள். "இவங்களுக்குப் பச்சைத்தண்ணி எண்டா என்னெண்டு தெரியாதோ?" பஸ் ஜன்னலால் உயர உயரமான கட்டடங்களைப் பார்த்து, "எங்கட கனடாவில சிஎன் டவர் இதைவிட உயரம்" என்றார். கொடி பிடித்துக்கொண்டு முன்னால் நடந்த சீன வழிகாட்டிப் பெட்டை பச்சைக்கல் விற்கிற கடைக்குள் எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போய் அடைத்தபோது, "இது யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவில சீலைக்கடைக்காரன் கூப்பிடுற மாதிரியெல்லோ கிடக்கு" என்று சொல்ல, நாகேஸ்வரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அவள் உடனே விழுங்கினாள்.

எல்லாவற்றிலும் பெரிய குறை போன். சீனாவில் ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் வேலை செய்யாது. கனடா சிம்மை இங்கே பாவித்தால் கொள்ளைக்காசு என்று யோகமலர் அதைக் கழற்றிவைத்துவிட்டார். நாகேஸ்வரியின் அவுஸ்திரேலிய சிம்மில் மட்டும் அது வேலை செய்தது. அதனால் உலகத்திலிருந்து யோகமலருக்கு என்ன வர வேண்டுமென்றாலும் அது நாகேஸ்வரியின் கைப்பைக்குள்ளால்தான் வர வேண்டும்.

"நாகேஸ், மயூரா ஏதும் போட்டிருக்கிறாளோ பார்."

"நாகேஸ், கிளி என்னவாம்?"

"கிளி சொல்லுறா, நீங்கள் மெலிஞ்சிட்டீங்களாம் மச்சாள்."

"அவளுக்குக் கண்ணுக்குக் கண்ணாடி மாத்த வேணும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த பயணத்தில், பெருஞ்சுவருக்குப் போகவிருந்த அன்றைக்கு விடிய, பீஜிங் ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்துக்கு வெளியே நிற்கும்போது அருந்தவனின் அழைப்பு வந்தது. எடுத்ததும் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"இஞ்சேருங்கோ, என்ன?"

"கிளி போட்டாள், நாகேஸ்."

"என்ன?"

"ஹார்ட் அட்டாக்காம். பின்னேரம் படுத்தவள் எழும்பேல்லையாம். மயூராவும் எடுத்தவள், அக்காவின்ர போன் போகுதில்லையாம். நீதான் சொல்ல வேணும். பக்குவமாச் சொல்லு. அக்கா தாங்க மாட்டா, அவ தூக்கி வளத்த பிள்ளை. நான் இஞ்ச லண்டனுக்கு டிக்கெட் பாக்கிறன்."

"நீங்கள் அழாதேங்கோ. நான் சொல்லுறன்."

சொல்லத்தான் போனாள். அதை நம்ப வேண்டும். கிளியை நினைத்து அவளே அழுதாள். கலியாணத்தன்று பின்னால் நின்று பகிடி விட்ட கிளிக்கு அம்மாவின் செய்தி ஒன்றும் தெரியாது, அது நாகேஸ்வரிக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். யோகமலர் மச்சாள் அவித்த முட்டை ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். உப்புத்தூளைத் தட்டித் தட்டி முட்டையில் போட்டார்.

"எங்க போனனி? தேத்தண்ணி ஆறுது. என்ன, மூஞ்சை ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. அவர் எடுத்தவர்."

"ஒரு கிழமை மனுசி இல்லாமல் இருக்கேலாதே அவனுக்கு!" யோகமலர் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார். முட்டையின் மஞ்சள் பல்லில் ஒட்டியிருந்தது. "எங்கட அருந்தவன் சின்னனிலயே அப்பிடித்தான். ஆரும் தனக்குப் பக்கத்தில இருக்கோணும். சிரியன் நாகேஸ், என்ன செத்தவீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறாய்?"

அந்தச் சிரிப்புத்தான். அந்தச் சிரிப்பில் நாகேஸ்வரி தன்னைக் கண்டாள். கையில் ஆலாத்தித் தட்டு இல்லை, முட்டை. அவ்வளவுதான் வித்தியாசம். சொல்ல வந்த சொல் நாக்கு நுனியிலிருந்து திரும்பி நடந்துபோய் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டது.

சிரி, என்று நினைத்தாள். இன்றைக்கு நீ வடிவாகச் சிரி.

"முட்டையைச் சாப்பிடுங்கோ மச்சாள்," என்றாள். "மலை ஏறோணுமெல்லோ."

கேபிள் காரில் ஏறிப் போனார்கள். கீழே காடு, மேலே மலை முதுகில் பாம்பு கிடக்கிற மாதிரிச் சுவர். நல்ல வெயில், நல்ல காற்று. நாகேஸ்வரி இத்தனை நாளும் மச்சாளைப் படம் எடுக்கச் சொன்னால் தலையை வெட்டியோ காலை வெட்டியோ எடுத்துக் கொடுப்பாள். அன்றைக்குத் தானாகவே போனைக் கையில் எடுத்தாள்.

"இஞ்சால திரும்புங்கோ. கையை உயர்த்துங்கோ. ஆ, அப்பிடி. கொஞ்சம் சிரியுங்கோ."

"காணுமோ?"

"காணாது. பல்லுத் தெரியட்டும்."

யோகமலர் பல்லுத் தெரியச் சிரித்தார். கோட்டைக் கொத்தளத்து ஓட்டையால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். ராணியின் உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற ஒருத்தியிடம் சிவப்புப் பட்டு அங்கியும் தொங்கட்டான் வைத்த கிரீடமும் வாங்கிப் போட்டுக்கொண்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். சுற்றி நின்ற சீனப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நாகேஸ்வரி வீடியோவும் எடுத்தாள். ஒவ்வொரு தரமும் திரையைத் தொடும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் குளிர்ந்தது.

"இதைக் கிளிக்கு அனுப்பு," என்றார் யோகமலர் கிரீடத்தைக் கழற்றாமலே. "ராணிக்கு ஒரு தோழி தேவையாம், வாறியோ எண்டு கேள்."

நாகேஸ்வரியின் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு சும்மா நாலு தரம் தட்டினாள்.

"அனுப்பிட்டன்."

"என்ன சொல்லுறாள்?"

"இன்னும் பாக்கேல்லை."

"நித்திரையாக்கும். லண்டனில இப்ப சாமமெல்லோ."

"ஓம்," என்றாள் நாகேஸ்வரி. "நித்திரைதான்."

சுவரை விட்டு இறங்கும்போது அருந்தவன் மறுபடி எடுத்தார். அவள் நாலு படி பின்வாங்கி நின்று கதைத்தாள்.

"சொன்னனியே?"

"சொன்னன்."

"என்ன செய்யிறா?"

கீழே யோகமலர், ஐஸ்பழம் விற்கிறவனிடம் தமிழில் விலை பேசிக்கொண்டு உரத்துச் சிரித்தார்.

"ஆர் சிரிக்கிறது?" என்றார் அருந்தவன்.

"இது ரூர் போற இடமெல்லோ? ஆரும் சிரிப்பினம். மச்சாள் அழுது களைச்சு பஸ்ஸுக்குள்ள படுத்திட்டா. இப்ப கதைக்க மாட்டாவாம். நான் வைக்கிறன்."

பொய் எவ்வளவு லேசாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தண்ணி தொட்ட கையில் உளுத்தம்மா மாதிரி ஒட்டாமல் வந்தது. அவளுடைய திட்டம் இதுதான். நாளைக்கு ஏதோ அரண்மனை பார்க்கிற நாள். அதையும் பார்க்கட்டும். எல்லாவற்றையும் பார்த்து, எல்லாப் படத்திலும் சிரித்து முடிந்த பிறகு, ஹோட்டல் அறையில் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் கையில் கொடுத்துச் சொல்லுவது. அதே சொல்லால் சொல்லுவது.

ஆனால் பின்னேரம் பஸ் ஒரு புத்த கோயிலுக்குப் போனது.

சிவப்புத் தூண், மஞ்சள் ஓடு, வாசலில் பெரிய வெண்கலச் சட்டியில் ஊதுபத்திப் புகை மண்டிக்கொண்டு எழும்பியது. வழிகாட்டிப் பெட்டை எல்லாருக்கும் ஒவ்வொரு கட்டு ஊதுபத்தி கொடுத்தாள். யோகமலர் செருப்பைக் கழற்றப் போய், ஒருவரும் கழற்றவில்லை என்று கண்டு மறுபடி போட்டார்.

"வா நாகேஸ். புத்தரோ பிள்ளையாரோ, சாமி எல்லாம் ஒண்டுதான்."

முழங்கால் உயரத்துக்கு ஒரு வாசற்படி. அதைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும். நாகேஸ்வரி அதற்கு முன்னால் வந்து நின்றாள். நின்றவளுக்குக் கால் எழும்பவில்லை. அவள்தான் கேட்டவள். விடிய, காதால் கேட்டவள். கட்டிக்கொடுத்த மச்சாளின் சாவுக்கு எத்தனை நாள் துடக்கு என்று ஐயர்மாரிடம் கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்லுவார்கள். ஆனால் செய்தி கேட்ட அன்றைக்கே கோயில் படி தாண்டச் சொல்லி எந்த ஐயரும் சொல்ல மாட்டார். ஒரு நாள் முழுக்கப் பொய் சொல்ல முடிந்தவளுக்கு, சீனாவில், யாரென்றே தெரியாத சாமிக்கு முன்னால், அந்த ஒரு படியைத் தாண்ட முடியவில்லை.

"எனக்குக் கால் நோகுது. நீங்கள் போட்டு வாங்கோ."

"மலை ஏறின கால் இதுக்கு நோகுதே?" என்றுவிட்டு யோகமலர் உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கையில் கொஞ்சம் விபூதி மாதிரி ஊதுபத்திச் சாம்பல். "எல்லாருக்கும் ஒவ்வொண்டு கொளுத்தினனான். கிளிக்கு ரெண்டு, அவளுக்குச் சீனி வருத்தம் கூடிக் கிடக்கு. கொண்டா நெத்தியை."

நீட்டிய விரலுக்கு நாகேஸ்வரி பின்வாங்கினாள். யோசித்துச் செய்யவில்லை, உடம்பு தானாகச் செய்தது. துடக்குக்காரர் கோயில் பொருளுக்கு விலகுகிற அதே விலகல். அதை யோகமலருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஊரில் எத்தனை செத்தவீட்டைத் தலைமை தாங்கி நடத்திய மனுசி. நீட்டிய விரல் நீட்டியபடி நின்றது.

"நாகேஸ்," என்றார் மெதுவாக. "விடிய அருந்தவன் என்னத்துக்கு எடுத்தவன்?"

நாகேஸ்வரி பேசவில்லை.

"ஆர்?"

பேசவில்லை.

"என்ர மனுசனோ?"

பேசவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, இதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று கையில் இருக்கிறது என்று. ஒளிப்பதல்ல. சொல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்பது.

"மயூராவோ? என்ர ஐயோ, மயூராவோ? பிள்ளையளோ? நாகேஸ், வாயைத் திறவன்! ரோட்டில ஏதும்... பனிக்குள்ள கார் ஏதும்..."

ஒவ்வொரு பெயருக்கும் யோகமலரின் முகத்தில் ஒவ்வொரு சாவு நடந்தது. ஒரே ஒரு சாவுக்குரியவர் அத்தனை பேரையும் ஒவ்வொருவராக எரித்துக்கொண்டிருந்தார். நாகேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அருந்தவனே எடுத்தவன், அப்ப அவன் இருக்கிறான். வேற ஆர்? வேற எனக்கு..." யோகமலர் நிறுத்தினார். வாசற்படிக் கல்லில் கையை ஊன்றினார். "சொல்லாதை. கொஞ்சம் பொறு. சொல்லாதை."

"ஏன் மச்சாள்? காதில விழாத வரைக்கும் துடக்கில்லை எண்டோ?"

யோகமலர் நிமிர்ந்து பார்த்தார். எது எங்கேயிருந்து வருகிறது என்று அவருக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது.

"கிளிதான்," என்றாள் நாகேஸ்வரி. "ஹார்ட் அட்டாக். நீங்கள் முட்டை உரிக்கேக்கயே எனக்குத் தெரியும். மலையில நீங்கள் சிரிச்ச படமெல்லாம் என்னட்டக் கிடக்கு. வீடியோவும் கிடக்கு. ராணி உடுப்போட. எடுத்து வைச்சிருக்கிறன், வேணுமெண்டா அனுப்பிவிடுறன். எனக்கும் ஒருக்கா நீங்கள் அனுப்பினனீங்களெல்லோ."

யோகமலர் கல்லில் இருந்துவிட்டார். "என்ர குஞ்சே" என்று தொடங்கியவர், சுற்றி நின்ற அத்தனை சீனருக்கும் நடுவில் மார்பில் அடித்து அழுதார். வழிகாட்டிப் பெட்டை கொடியோடு ஓடி வந்தாள். நாகேஸ்வரி ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொல்ல, அவள் எங்கேயோ போய் ஒரு கோப்பைச் சுடுதண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். யோகமலர் குறை சொல்லாமல் அதைக் குடித்தார்.

நாகேஸ்வரி எதிர்பார்த்தது நடந்துவிட்டது. இத்தனை வருசம் இதற்காகத்தானே. பக்கத்தில் அவளும் இருந்துகொண்டாள். நெஞ்சு லேசாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

கனநேரம் கழித்து யோகமலர் மூக்கைச் சீறிவிட்டுச் சொன்னார். "நீ பழி வாங்கினனி. சரி. நான் உன்ர இடத்தில இருந்தாலும் வாங்கியிருப்பன். ஆனா ஒண்டு கேள். அண்டைக்குப் போனை எடுத்தது நானில்லை."

"எது?"

"உன்ர அம்மாவின்ர செய்தி வந்த போன். நான் ஐயரோட கதைச்சுக்கொண்டு நிண்டனான். அருந்தவன்தான் எடுத்தவன். எடுத்துப்போட்டுக் குசினிக்குள்ள வந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, அக்கா, இவளுக்கு இப்ப சொல்ல வேண்டாம், சொன்னா இவள் ஆலாத்தி எடுக்க மாட்டாள், மயூராவின்ர கலியாணம் குழம்பிப்போம் எண்டான். நான் ஓம் எண்டனான். அதுக்கு நான் குற்றவாளிதான். பேந்து உன்னட்டச் சொல்லுற வேலையையும் என்னட்டத்தான் தந்தவன். தனக்கு உன்ர மூஞ்சையைப் பாத்துச் சொல்லேலாதாம்."

"பொய்."

"என்ர குஞ்சு செத்த நாளில நான் பொய் சொல்லுவனோடி?"

நாகேஸ்வரிக்குக் கலியாண வீடியோவில் பக்கத்தில் நின்ற மனுசன் ஞாபகம் வந்தார். வேறெங்கும் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றவர். தான் வடிவாக இருந்தபடியால் பார்க்கிறார் என்று இத்தனை வருசமும் நினைத்திருந்தாளே. குசினிக் கதிரையில் அவள் விழுந்து அழுதபோது கட்டிப்பிடித்துக்கொண்டு, "எனக்கும் இப்பதான் தெரியும்" என்று சேர்ந்து அழுதவர். அன்றிலிருந்து அக்காவை அவள் திட்டும்போதெல்லாம் ஒரு சொல் மறுத்துப் பேசாமல் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டவர். எந்தப் பக்கமும் சேராத மனுசன்!

அடுத்த நாளே யோகமலர் பீஜிங்கிலிருந்து நேராக லண்டனுக்குப் பறந்தார். விமான நிலையத்தில் நாகேஸ்வரிதான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் விட்டாள். போகும்போது யோகமலர் சொன்ன கடைசிச் சொல், "அவனை ஒண்டும் கேளாதை நாகேஸ். அவன் பாவம், பயந்தவன்."

"போட்டு வாங்கோ மச்சாள்," என்றாள் நாகேஸ்வரி.

சிட்னியில் விடிய வந்து இறங்கினாள். அருந்தவன் சவரம் செய்யாத முகத்தோடு விமான நிலைய வாசலில் நின்றார். அவளைக் கண்டதும் எல்லாருக்கும் முன்னால் தோளில் சாய்ந்து அழுதார்.

"நாளைக்குத்தான் எனக்கு லண்டன் டிக்கெட் கிடைச்சது, நாகேஸ். கிளியைப் பாக்க வேணும்."

"அழுங்கோ," என்றாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டு. "உங்களுக்கு உடனே செய்தி வந்தது. அழலாம்."

அவர் அதைக் கவனிக்கவில்லை.

"சாவியைத் தாங்கோ. அழுதுகொண்டு கார் ஓடக் கூடாது. நான் ஓடுறன்."

சுரங்கப்பாதை முழுக்க அவர் கிளியைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். கிளி மாமரத்திலிருந்து விழுந்தது, கிளி குளத்துக்குள் செருப்பை விட்டது. நாகேஸ்வரி ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். எம் ஃபோர் பெருந்தெருவில் ஏறி, கார் நல்ல வேகம் பிடித்த பிறகு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ. மயூராவின்ர கலியாணத்துக்கு முதல் நாள், அக்காவின்ர வீட்டுப் போனை எடுத்தது ஆர்?"

அருந்தவன் கிளியின் கதையைப் பாதியில் விட்டார்.

"எந்தப் போன்?"

"என்ர அம்மா செத்த போன்."

"அது... அக்கா ஏதும்... அவ இப்ப துக்கத்தில என்ன சொல்லுறா எண்டு அவவுக்கே தெரியாது நாகேஸ்."

"அவ சொன்னதை விடுங்கோ. நீங்கள் சொல்லுங்கோ."

"இப்ப ஏன் அதெல்லாம்? வீட்டுக்குப் போய் ஆறுதலாக் கதைப்பம். கிளி செத்துக் கிடக்கிறாள்..."

செவன் ஹில்ஸுக்குத் திரும்புகிற வழி வந்தது. பச்சைப் பலகை வந்தது, அம்புக்குறி வந்தது. நாகேஸ்வரி சிக்னல் போடவில்லை. நேரே விட்டாள்.

"நாகேஸ்! எக்சிட் போட்டுது!"

"தெரியும்."

"எங்க போறாய்?"

"நீங்கள் சொல்லி முடிக்குமட்டும் நேராப் போகும். வீட்டில இறங்கினா நீங்கள் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்துவீங்கள். நாளைக்கு லண்டன். இதுக்குள்ள கதவில்லை."

அவர் இடப்பக்கக் கதவைப் பார்த்தார். வெளியே லொறிகள் இரைந்துகொண்டு போயின. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, பாவம், பெற்றோல் முள்ளைப் பார்த்தார். டாங்க் நிறைந்து கிடந்தது. மனுசி வருகிறாளே என்று முதல் நாள் பின்னேரம் அவர்தான் போய் நிரப்பியிருந்தார்.

சென்ட் மேரீஸ் கழிந்தது. பென்ரித்தும் கழிந்தது. ஆற்றுப் பாலம் தாண்டி, நீல மலை கண்ணாடி முழுக்க எழும்பி வந்து நின்றபோது, அருந்தவன் சீற் பெல்ற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"நான்தான் எடுத்தனான்."

"ம்."

"உன்ர அண்ணன்தான் ஊரிலயிருந்து கதைச்சவன்."

"என்ன சொன்னவர்?" என்றாள் நாகேஸ்வரி. "ஒரு சொல் விடாமல் சொல்லுங்கோ. அம்மா கடைசியா என்னைக் கேட்டவவோ?"

அவர் அழத் தொடங்கினார். அவள் காரை நிறுத்தவில்லை.